கடிதம் கொண்டுவந்தவர் மேல் கோபம்

லிப்ட் நின்றுபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோலாலம்பூரில் செந்தூலிலோ பந்தாய் டாலாமிலோ ஏதாவது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். மார்க்கெட் பையோடு பதினோராவது மாடிக்கு ஏற வேண்டியவர்கள் நிர்வாகக் குழுவை வறுத்தெடுத்துக்கொண்டிருப்பார்கள். "மாசம் பொறந்தா காசு மட்டும் கேக்கத் தெரியுதுல்ல?" அவர்கள் முதுகுக்குப் பின்னால் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர், வீட்டு எண், தொகை. அப்படி ஒட்டுவதற்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. அந்தத் தாளில் உள்ள எண்ணையும் உரக்கக் கத்துகிறவரின் வீட்டு எண்ணையும் பொருத்திப் பார்ப்பவர் பெரும்பாலும் அலுவலகக் கிராணி ஒருவர்தான். அவரும் வாயைத் திறக்க மாட்டார்.

கத்துகிறவர் பொய் சொல்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் மனமாரவே நம்பித்தான் கத்துகிறார். தானே தேடிக்கொண்ட தொல்லைக்கு அடுத்தவரைக் குறை சொல்பவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாகத் தவறவிடும் இடம் இது. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று ஒரு பழமொழியைச் சொல்லிக் கதையை முடித்துவிடுகிறோம். ஆனால் ஒருவர் செய்யாமல் விட்டது ஒரு நாள். அதன் விலை கேட்டு வருவது வேறொரு நாள். இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கு, சில சமயம் ஆண்டுக்கணக்கு. விலையைக் கேட்டு வருவதோ எப்போதும் இன்னொருவர்: வங்கி ஊழியர், காவலாளி, வக்கீல் கடிதம், கவுண்டர் அதிகாரி. கண்ணில் படுவது அந்தக் கை மட்டுமே. அதனால் கோபமும் அந்தக் கை மேல்தான் போகிறது.

லிப்டின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 300 வீடுகள், மாதக் கட்டணம் 50 வெள்ளி (ரிங்கிட்) என்று வையுங்கள். அதன் மேல் 10 விழுக்காடு சேமிப்பு நிதி, அதாவது 5 வெள்ளி. பெரிய பழுதுகளுக்கும் சாயம் அடிப்பதற்கும் என்று ஒதுக்கி வைக்க வேண்டிய பணம் அது. எல்லோரும் கட்டினால் அன்றாடச் செலவுக்கு மாதம் 15,000 வெள்ளி வரும். பத்தில் நான்கு பேர் கட்டாவிட்டால் 9,000. காவலாளி சம்பளம், துப்புரவு, பொது இட மின்கட்டணம், காப்புறுதி ஆகியவற்றைத் தள்ளிப்போட முடியாது. ஒரு மாதம் தவறினாலும் சந்தி சிரிக்கும். தள்ளிப்போடக்கூடியது ஒன்றே ஒன்று, லிப்டின் மாதாந்திரப் பராமரிப்பு. அதை நிறுத்திய மறுநாளும் லிப்ட் ஓடும். ஆறு மாதமும் ஓடும். கேபிள் தேய்வதும் கதவு உருளை இறுகுவதும் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. பிறகு ஒருநாள் நிற்கும். அப்போது பழைய பாக்கியைக் கட்டினால்தான் ஆள் அனுப்புவோம் என்கிறது லிப்ட் நிறுவனம். கட்டணம் கட்டாத மாதத்துக்கும் லிப்ட் நின்ற நாளுக்கும் உள்ள தொடர்பு இவ்வளவு நீளமான கயிறு. படியேறி மூச்சு வாங்குகிறவருக்கு அதன் மறுமுனை தெரிவதில்லை.

2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் இதற்கு வழி வகுத்திருக்கிறது. பாக்கிக்கு ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேற்படாமல் வட்டி போடலாம். எழுத்து மூலம் 14 நாள் அவகாசம் கொடுத்தும் கட்டாவிட்டால் நுழைவு அட்டையை முடக்கலாம், தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அட்டை முடங்கிய இரவு என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வாசலில் நிற்பவர் நேபாளத்திலிருந்து வந்த காவலாளி. கட்டணத்துக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. வசவு முழுவதும் அவருக்குத்தான்.

ஆண்டுக் கூட்டம் இன்னொரு வேடிக்கை. வாக்களிக்கத் தகுதியுள்ள உரிமையாளர்களில் பாதிப் பேர் வர வேண்டும் என்பது விதி. வராவிட்டால் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, வந்தவர்களை வைத்தே கூட்டத்தை நடத்தலாம் என்பதும் விதி. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே பாக்கியைத் தீர்க்காதவருக்கு வாக்கு இல்லை. ஆக, 300 வீட்டுக் குடியிருப்பில் முப்பது பேர் கூடிக் கட்டணத்தை உயர்த்திவிட முடியும். மறுவாரம் வாட்ஸ்அப் குழுவில், "யாரைக் கேட்டு ஏத்தினீங்க?" என்ற கேள்வி வரும். கேட்பவர் கூட்ட அறிவிப்பைப் பார்த்தவர்தான். அன்றைக்குக் காஜாங்கில் ஒரு கல்யாணம்.

குளியலறைக் கசிவு இதைவிடச் சுவாரசியமானது. மேல்வீட்டுக்காரர் பழைய டைலை உடைத்துப் புதிதாகப் போடுகிறார். உடைக்கும்போது அடியில் இருந்த நீர்த்தடுப்புப் பூச்சும் போய்விடுகிறது. முறையாகச் செய்வதென்றால் தளத்தைச் சுத்தம் செய்து, தரையும் சுவரும் சேரும் மூலையை வளைத்துப் பூசி, நீர்த்தடுப்பை இரண்டு கை அடித்து, சுவரில் குறைந்தது ஒரு சாண் உயரம் ஏற்றி, காய்ந்த பிறகு வடிகாலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்க்க வேண்டும். இதற்கே மூன்று நான்கு நாள் பிடிக்கும். இரண்டு நாளில் எல்லாவற்றையும் முடித்துக் கொடுக்கிறேன் என்ற குத்தகைக்காரர் இதில் எதைச் செய்திருப்பார்? ஒன்றரை ஆண்டு கழித்துக் கீழ்வீட்டுக் கூரையில் மஞ்சள் வட்டம் விழுகிறது. மேல்வீட்டுக்காரர் சொல்கிறார்: "கட்டினவன் சரியா கட்டலை. பொதுக் குழாயா இருக்கும்." சில சமயம் பொதுக் குழாயாகவும் இருக்கும் என்பதால்தான் இந்தப் பதில் இவ்வளவு உறுதியாக வருகிறது.

சட்டம் எழுதியவர்கள் மனித சுபாவம் தெரிந்தவர்களாக இருந்திருக்க வேண்டும். கீழ்வீட்டில் கசிந்தால் கோளாறு மேலே இருக்கும் பகுதியில்தான் என்று முதலில் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது மேலே உள்ளவரின் பொறுப்பு. புகார் கிடைத்த ஏழு நாளுக்குள் நிர்வாகம் சோதிக்க வேண்டும். சோதித்த ஐந்து நாளுக்குள் காரணத்தை எழுதிச் சான்று தர வேண்டும். யார் நல்லவர், யார் கெட்டவர் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. தேதியும் காரணமும் மட்டும்.

பணத்துக்கு வருவோம். இங்கேதான் கயிறு மிக நீளம். கிரெடிட் கார்டில் 5,000 வெள்ளி பாக்கி என்று வையுங்கள். குறைந்தபட்சம் 5 விழுக்காடு கட்டச் சொல்கிறார்கள், 250 வெள்ளி. கட்டியாயிற்று, எந்த வம்பும் இல்லை என்று தோன்றுகிறது. ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி என்றால் அந்த 250இல் 75 வெள்ளி வட்டிக்கே போகிறது; அசல் குறைவது 175 மட்டும். பாக்கி குறையக் குறைய அந்த 5 விழுக்காடும் சுருங்கும். அதனால் கடன் நீளும். குறைந்தபட்சம் 50 வெள்ளி என்ற எல்லை வந்த பிறகும் அதையே கட்டிக்கொண்டு போனால், அந்த அட்டையில் புதிதாக ஒரு சென் கூடச் செலவழிக்காமல் இருந்தாலும், கடன் தீர ஏறக்குறைய 68 மாதம், வட்டி சுமார் 1,880 வெள்ளி. மாதம் 250ஐ மாற்றாமல் கட்டியிருந்தால் இரண்டு ஆண்டில் முடிந்திருக்கும். தவணை தவறாதவருக்கு வட்டி விகிதத்தைக் குறைக்கும் படிநிலையும் உண்டு: தொடர்ந்து பன்னிரண்டு மாதம் குறித்த நாளில் கட்டியவருக்கு 15 விழுக்காடு. ஒரு மாதம் மறந்தால் அதுவும் கைநழுவும், தாமதக் கட்டணமும் விழும். இவை எல்லாம் மாத அறிக்கையில் அச்சாகித்தான் வருகின்றன. அறிக்கையைத் திறக்காதவருக்கு, கடைசியில் வசூல் பிரிவிலிருந்து வரும் தொலைபேசிதான் முதல் செய்தி. "அந்தப் பொண்ணு என்னமா பேசறா, மரியாதையே இல்லை." உண்மையில் மரியாதையில்லாமல் பேசியும் இருக்கலாம். அதோடு பேச்சின் பொருள் கடனிலிருந்து மரியாதைக்கு மாறிவிடுகிறது.

அடுத்தது "சம்போங் பாயார்". மலேசியாவில் இதை விளக்கத் தேவையில்லை, ஆனாலும் ஒரு முறை பொறுமையாகப் பார்ப்போம். கார் தவணை கட்ட முடியவில்லை. தெரிந்தவரின் தெரிந்தவர் 2,000 வெள்ளி கையில் கொடுத்துவிட்டு, இனி மாதத் தவணையை நானே கட்டிக்கொள்கிறேன் என்கிறார். சாவி கைமாறுகிறது. கடன், பதிவு, காப்புறுதி எதுவும் கைமாறவில்லை. வங்கியின் ஒப்புதல் இல்லாமல் இப்படிக் கைமாற்றுவது வாடகைக் கொள்முதல் சட்டத்துக்கு முரண். முதல் இரண்டு மாதம் பணம் ஒழுங்காக வரும். பிறகு தாமதம், பிறகு தொலைபேசி எண் மாற்றம். போக்குவரத்து சம்மன் எல்லாம் பழையவர் பெயரில் குவியும். இரண்டு தவணை அடுத்தடுத்து விட்டுப்போனால் வங்கி 21 நாள் அறிவிப்பு அனுப்பிவிட்டு வண்டியை இழுக்கலாம். இழுத்த வண்டியை ஏலத்தில் விற்றுக் குறைவு விழுந்தால் அந்தப் பாக்கியும் கையெழுத்துப் போட்டவர் தலையில்தான். இழுக்க வண்டி கிடைக்காவிட்டாலும் கடன் அப்படியே நிற்கும். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கடன் பதிவில் அவர் பெயருக்கு நேரே பன்னிரண்டு மாதக் கட்டங்கள். தவறிய மாதங்கள் 1, 2, 3 என்று எண்ணாக ஏறும். வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போதுதான் அந்த எண்களை அவர் முதன்முதலாகப் பார்க்கிறார்.

அவரை ஏமாற்றியவன் ஏமாற்றுக்காரன்தான், அதில் சந்தேகமில்லை. பிறரைக் குறை சொல்பவரின் குறையில் பெரும்பாலும் இப்படி ஓர் உண்மைத் துண்டு இருக்கும். வழுக்குவதும் அங்கேதான். அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டால் அதற்கு முன்னால் நடந்த எதையும் பார்க்க வேண்டியதில்லை: வங்கிக்கே போய்த் தவணையை நீட்டிக் கேட்காதது, வண்டியை விற்றுக் கடனை அடைக்காதது, தெரியாதவர் கையில் சாவியைக் கொடுத்தது.

கூட்டுச் சீட்டும் இதே ரகம். நம் "கூட்டு" என்ற சொல்லே மலாயில் "குத்து" (kutu) ஆகி, 1971இல் இந்த நாட்டுச் சட்டத்தின் தலைப்பிலும் ஏறிவிட்டது, அதைத் தடை செய்யும் சட்டத்தில்! சீட்டைப் பிடித்தவர் ஓடிப்போன பிறகு, சட்டம் விலக்கி வைத்த ஒப்பந்தத்தைக் காட்டி நீதிமன்றத்தில் பணம் கேட்பது லேசுப்பட்ட காரியமல்ல. அந்தச் சமயத்தில் திட்டு வாங்குபவர் பெரும்பாலும் போலீஸ் நிலையத்தில் புகார் எழுதிக்கொள்ளும் கான்ஸ்டபிள்.

உளவியலில் இதற்குப் பழைய விளக்கம் ஒன்று உண்டு. 1971இல் எட்வர்ட் ஜோன்ஸும் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் முன்வைத்தது: தன் செயலுக்கு மனிதன் சூழ்நிலையைக் காரணம் காட்டுகிறான், பிறர் செயலுக்கு அவர்கள் குணத்தை. நான் தாமதமாக வந்தால் ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஜாம். நீ தாமதமாக வந்தால் சோம்பேறி. பல ஆண்டுகள் இது பொதுவிதி போலவே பேசப்பட்டது. 2006இல் பெர்ட்ராம் மாலே 170க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது மொத்தத்தில் இந்த வேறுபாடு ஏறத்தாழ ஒன்றுமில்லை என்று தெரிந்தது. கெட்டது நடந்த சந்தர்ப்பங்களில் மட்டும் அது நின்றது. நல்லது நடந்தபோது தலைகீழானது. கண்ணுக்கு எப்போதும் கோணல் இல்லை, அடி விழும்போது மட்டும் கோணுகிறது என்று நாம் இதை எடுத்துக்கொள்ளலாம்.

அதே ஜோன்ஸ் 1978இல் ஸ்டீவன் பெர்க்லாஸுடன் செய்த சோதனை இன்னும் கூர்மையானது. பெரும்பாலும் விடையே இல்லாத கேள்விகளைச் சிலருக்குக் கொடுத்து, பிரமாதமாகச் செய்தீர்கள் என்று பாராட்டினார்கள். அடுத்த தேர்வுக்கு முன் இரண்டு மருந்துகளைக் காட்டி, ஒன்று மூளையைக் கூர்மையாக்கும், மற்றது மந்தமாக்கும், எதை எடுத்துக்கொள்கிறீர்கள் என்றார்கள். எப்படி ஜெயித்தோம் என்று தெரியாத ஆண்களில் பெரும்பாலோர் மந்தமாக்கும் மருந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்து தோற்றால் மருந்தின் மேல் பழி போடலாம் அல்லவா? பெண்களிடம் இந்தப் போக்கு அப்படித் தெரியவில்லை. தோல்விக்கு முன்பே சாக்கைத் தயார் செய்துகொள்ளும் இந்த வித்தையை வருமான வரிப் படிவ நேரத்திலும் பார்க்கலாம். இணைய வழி அனுப்ப வழக்கமாக மே 15 வரை அவகாசம். மார்ச்சிலேயே திறந்துவிடுகிறார்கள். மே 15 இரவு பதினோரு மணிக்கு உட்கார்ந்து, "சிஸ்டமே ஜாம்" என்பவருக்கு, படிவம் போகாவிட்டாலும் பழி போட ஓர் இடம் தயாராக இருக்கிறது.

இந்த வட்டம் ஒரு தனி ஆளால் மட்டும் சுற்றுவதில்லை. பின்னால் ஒரு குடும்பம் இருக்கும். அக்கா நகையை அடகு வைத்துக் கொடுப்பார், அம்மா சேமநிதிப் பணத்தை எடுத்துக் கொடுப்பார். கடன் தீரும், விளைவும் அவரைத் தொடாமல் போகும். கயிற்றின் கடைசி முனையையும் வேறொருவர் அறுத்துக் கொடுத்தால் அவர் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்? உதவக்கூடாது என்பதில்லை. கையில் ரொக்கமாகக் கொடுக்காமல், அறிக்கையை வாங்கிப் பார்த்து, நேராக வங்கிக் கணக்கில் கட்டுங்கள். பல கடன் இருந்தால் வட்டி அதிகமானதை முதலில். ஜாமீன் கையெழுத்து வேண்டவே வேண்டாம். தொகை 1 லட்சம் வெள்ளியைத் தொட்டால் திவால் நடவடிக்கை எடுக்கலாம், சில வகை ஜாமீன்தாரர்களையும் அது எட்டும். கடன் பல வங்கிகளில் சிதறிக் கிடந்தால் 2006இல் பேங்க் நெகாரா தொடங்கிய ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பிடம் அழைத்துப் போங்கள். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றி அமைத்தும் தருகிறார்கள். அழைத்துப் போங்கள் என்றதைக் கவனியுங்கள். நீங்கள் மட்டும் போய் வராதீர்கள்.

பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். "ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டால் வாய் தானாக ஆள் பெயரைச் சொல்லும். காரணம் கேட்காமல் தேதி கேளுங்கள்.

"முதல் லெட்டர் எப்ப வந்துச்சுண்ணே?"

"அது... போன தீபாவளிக்கு முன்னாடி."

"வந்ததும் என்ன செஞ்சீங்க?"

"மேசை மேல வச்சேன்."

"ரெண்டாவது லெட்டர்?"

"அதுவும் அங்கதான் கெடக்கு."

ஒரு தாளை எடுத்து மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். முதலில் தேதி, நடுவில் என்ன வந்தது, கடைசியில் நான் என்ன செய்தேன். உறைகளில் தேதி இருக்கும். குறுஞ்செய்திகளில் நேரமே இருக்கும். இருப்பதை எல்லாம் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். அவர் கையாலேயே எழுதட்டும். நடுப்பத்தி நிறையும். மூன்றாம் பத்தி பாதிக்குமேல் காலியாக இருக்கும். அதைச் சுட்டிக்காட்ட வேண்டாம், அவர் கண்ணிலேயே படும். எழுதும்போது சிலர் நடுப்பத்தியில் "அவன் ஏமாத்திட்டான்" என்று எழுதுவார்கள். அந்த வரியை அடித்துவிட்டு, அன்றைக்குக் கையில் வந்த பொருள் எது என்று கேளுங்கள். தீர்ப்புகள் தாளுக்குள் வரக்கூடாது.

இந்தத் தாள் எதிர்ப்பக்கமும் வெட்டும், அதைச் சொல்லியாக வேண்டும். மூன்றாம் பத்தி முழுக்க நிறைந்திருந்தால், போனார், எழுதினார், மறுபடி போனார், பதில் இல்லை என்று வந்தால், அவர் குறை சொல்வது நியாயம். எல்லாத் துன்பத்தையும் உன் தலையெழுத்து, உன் தவறு என்று ஏழை மேல் போடுவதும் பழிபோடும் கலையின் இன்னொரு வடிவம். தோட்டத்து லயத்தில் பிறந்து பதியப்படாத பாட்டிக்கு அடையாள அட்டை இல்லாமல் போனதற்கு அந்தப் பாட்டியா பொறுப்பு?

ஆனால் பாட்டியின் கதையை இன்றும் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறோம், தாலி கட்டிப் பதியாத திருமணங்களில். 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவாக வேண்டும். கோயிலில் மூன்று முடிச்சு விழுந்து ஐந்நூறு பேர் சாப்பிட்டாலும் சட்டத்தின் கண்ணில் அது திருமணம் ஆகாது. விண்ணப்பம், சத்தியப் பிரமாணம், 21 நாள் அறிவிப்பு, அதன் பிறகு ஆறு மாதத்துக்குள் பதிவு, அவ்வளவுதான். உதவிப் பதிவாளர் உள்ள கோயிலென்றால், இவற்றை முன்கூட்டியே முடித்து வைத்திருந்தால் முகூர்த்த நாளிலேயே கையெழுத்தாகிவிடும். மண்டபத்துக்கு ஓராண்டு முன்பே முன்பணம் கட்டுகிறவர்கள் இதை "அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார்கள்.

பெற்றோர் சட்டப்படி மணமாகாதவர்கள் என்றால் பிள்ளையின் குடியுரிமை தாயைப் பொறுத்தது. தாய் வெளிநாட்டவர் என்றால், அல்லது அவருக்கே ஆவணம் இல்லை என்றால், தகப்பன் மலேசியராக இருந்தும் பிள்ளை குடிமகன் ஆகாமல் போகலாம். பிறகு போய்த் திருமணத்தைப் பதிந்தாலும் அது தானாகச் சரியாவதில்லை. அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் உள்துறை அமைச்சுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் போவது புதிதல்ல. பிறப்பையாவது 60 நாளுக்குள் பதிந்திருந்தால் கையில் ஒரு தாள் இருக்கும். அதுவும் தாமதமானால் கேட்கும் ஆவணங்கள் பெருகும்.

பன்னிரண்டு வயதில் வகுப்புத் தோழர்கள் மைகார்டு என்ற அடையாள அட்டை எடுக்கப் போகும்போது பிள்ளைக்கு விஷயம் தெரிகிறது. தகப்பன் பதிவிலாகாவுக்கு அழைத்துப் போகிறார். கவுண்டரில் குரல் உயர்கிறது. அதிகாரிக்கு வேலை தெரியவில்லை, நம்மவர் என்றால் இப்படித்தான் இழுத்தடிக்கிறார்கள் என்று திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறார். இந்தக் கதைக்கும் அந்த மூன்று பத்தித் தாளைப் போடலாம். முதல் தேதி பிள்ளை பிறப்பதற்கு முந்தையதாக இருக்கும்.